முட்டை ஓட்டில் எழுதிய நாள்

வீரபாண்டி
6.9.1998

தேவயானிக்கு,

முடியாது என்று நான் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் உன் அண்ணனிடம் சொன்னேன். அவர் போனில் அதை உனக்கு எப்படிச் சொன்னாரோ தெரியவில்லை.

இங்கே எல்லோரும் சுகம் என்று முதலில் எழுதியிருக்க வேண்டும். சுகம்தான். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உனக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

இன்குபேட்டரைப் பார்த்துக்கொள்வது நான். ஐந்நூறு முட்டை கொள்ளும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் திருப்பி வைக்க வேண்டும். உன் அண்ணன் பண்ணைக்கும் தீவனக் கடைக்கும் அலைவதோடு சரி. அதனால் நீ கேட்க வேண்டியது என்னிடம். அடுத்த முறை என்னிடமே கேட்கலாம்.

வாரம் பன்னிரண்டு முட்டை. ஆறு முட்டை அடைவைத்துப் பத்து நாள் ஆனவை. ஆறு முட்டை பன்னிரண்டு நாள் ஆனவை. உங்கள் ஆய்வகத்து இன்குபேட்டர் பழுது, கடை முட்டையில் கரு இருக்காது. புரிகிறது. கம்பத்திலிருந்து மதுரைக்குப் போகும் காலை பஸ் நம் ஊரில் நின்று, உங்கள் பல்கலைக்கழக வாசல் வழியாகத்தான் போகிறது. பிஸ்கட் டப்பாவில் உமி போட்டு, நடுவில் வெந்நீர் பாட்டில் வைத்துக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு மணி நேரம் தாங்கும். ஓட்டின் மேல் நாளைப் பென்சிலில் எழுதுகிறேன். பேனா மை உள்ளே இறங்கிவிடும்.

காலி டப்பாவை அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பு.

என் டிசெக்‌ஷன் பெட்டி உன்னிடமே இருக்கட்டும். இங்கே அதற்கு வேலை இல்லை.

அபிதா


மதுரை
15.9.1998

அன்பு மதினிக்கு,

உன் நாத்தனார் நலம். கொஞ்சம் இளைத்திருக்கிறேன் என்று விடுதியில் சொல்கிறார்கள். அம்மாவிடம் சொல்லாதே. அண்ணன் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் நிறுத்திவிடவும்.

உன் கடிதம் வந்த அன்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். என் கைடு சிரிக்கவே மாட்டார், உனக்குத்தான் தெரியுமே, இன்டர்வியூவில் பார்த்தாயே. அந்த மேடமே சிரித்தார்.

நான் என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதாக அண்ணன் சொன்னான். உனக்கு இதெல்லாம் மறந்திருக்கும், அதனால் எளிமையாக எழுதுகிறேன். நம் உடம்பு செல்களால் ஆனது. கருவில், தசையாகப் போகிற செல்கள் முதலில் பெருகிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் பெருகுவதை நிறுத்தும். வரிசையில் நிற்கும். பக்கத்துச் செல்லோடு ஒட்டி ஒரே நாராகிவிடும். அதற்குப் பிறகு பழையபடி தனிச் செல்லாக முடியாது.

எப்போது நிறுத்துவது என்பது ஒரு புரதத்தின் கையில் இருக்கிறது. அந்தப் புரதத்தின் மேல் ஒரு என்சைம் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அது ஒட்டியிருக்கும் வரை செல் பெருகும். இன்னொரு என்சைம் வந்து அதை எடுத்துவிட்டால் தசையாக மாறும். புரதம் அதேதான். மேலே ஒட்டியிருப்பது மட்டும்தான் வேறு. எந்த நாளில் எடுக்கப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. பன்னிரண்டாம் நாள் என்று இதுவரை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் நாள் நாளாகப் பார்க்கப் போகிறேன்.

அண்ணனுக்கு வணக்கம், அம்மாவுக்கு முத்தம். உனக்கு முட்டைக் கடன்.

தேவயானி


வீரபாண்டி
24.9.1998

தேவயானிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

முதல் டப்பா நேற்றுப் போனது. வந்து சேர்ந்திருக்கும். கண்டக்டர் பேச்சிமுத்து டப்பாவைக் காதில் வைத்துப் பார்த்தார்.

“உள்ள என்ன ஆத்தா, பாம்பா?”

“முட்டைண்ணே. பத்து நாள் கரு. குலுக்காம கொண்டு போகணும்.”

“பாதி வழியில பொரிச்சிருச்சுன்னா குஞ்சுக்கு அரை டிக்கெட் போட்ருவேன், சொல்லிட்டேன்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் டப்பாவைத் தன் சீட்டில் வைத்துவிட்டு நின்றுகொண்டே போனார். நல்ல மனிதர்.

உன் கடிதத்தை உன் அண்ணன் மூன்று முறை வாசித்தார். அத்தை கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாக. “எம்மவ உசுரு எப்படி உருவாகுதுன்னு பாக்குறாடி” என்று பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளிடம் சொன்னாக. பஞ்சம்மாள், “அதப் பாக்க மதுரைக்கா போகணும்” என்றாள்.

தசையாகப் போகிற செல்லை மயோபிளாஸ்ட் என்று எழுதினாலே எனக்குப் புரியும். செல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இடம்தான் மிச்சம்.

ஒன்று கேட்கிறேன். புரதம் அதேதான் என்கிறாய். மேலே ஒட்டியதை எடுத்த பிறகும் அது அதே புரதம்தானா? வேறு வேலை செய்கிற ஒன்றை அதே என்று எப்படிச் சொல்வது?

பதில் அவசரமில்லை.

அபிதா


மதுரை
14.10.1998

அன்பு மதினிக்கு,

இரண்டு வாரமாகச் சளி. இப்போது தேவலை. அங்கே மழை எப்படி? முல்லையாற்றில் தண்ணீர் போகிறதா?

உன் முட்டைகள் அருமை. ஒரு கரு கூடக் கெடவில்லை. மார்புத் தசையைப் பிரித்து, செல்லை வளர்த்து, கதிரியக்கப் பாஸ்பேட் கொடுத்து, புரதத்தைப் பிரித்து எக்ஸ்ரே பிலிமில் பார்த்தேன். புரதத்தில் பாஸ்பேட் இருந்தால் பிலிமில் கறுப்புக் கோடு விழும். ஒப்பிட்டுப் பார்க்க, எடுக்கும் என்சைமைத் தடுத்துவைத்த செல்களில் முதல் கோடு விழுந்தபோது இருட்டறையில் தனியாக நின்று அழுதேன். மேடம் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “நல்ல கை உனக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அது வருவதற்கு நான் ஓராண்டு காத்திருந்தேன்.

துறையில் எங்களைப் படம் எடுத்தார்கள். செய்தித்தாளின் மதுரைப் பதிப்பில் வந்திருக்கிறது. வெட்டி அனுப்பியிருக்கிறேன். வலது ஓரத்தில் வெள்ளைக் கோட் போட்டு நிற்பது நான்.

ஒரு விஷயம். மார்ச்சில் கமிட்டி உட்காருகிறது. அதற்குள் தெளிவான முடிவு ஒன்று காட்டாவிட்டால் என் ஃபெல்லோஷிப் நீட்டிக்கப்படாது. நீட்டிக்கப்படாவிட்டால் அம்மா என்ன செய்வாள் என்று உனக்குத் தெரியும். சின்னமனூர் வரனை இன்னும் கையில் வைத்திருக்கிறாள். அதனால் உன் முட்டைகள்தான் என் ஆயுள்.

நீ கேட்ட கேள்வியை மேடத்திடம் கேட்டேன். “யார் கேட்டது?” என்றார். என் மதினி என்றேன்.

தேவயானி


(இந்தக் கடிதம் அனுப்பப்படவில்லை.)

21.10.1998

தேவயானி,

உனக்குத்தான் எழுதுகிறேன். தபாலில் போடப் போவதில்லை.

படத்தை உன் அண்ணன் தீவனக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் ராக்கையா, “ஒம் பொண்டாட்டியும் அந்தப் படிப்புத்தானப்பா?” என்று கேட்டாராம். இவர், “படிச்சவதான். இப்ப முட்டையத் திருப்பிப் போடுறா” என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். இதை என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம்.

படத்தில் உன்மேல் இருக்கும் கோட்டின் காலர் எனக்குத் தெரியும். உள்ளே சிவப்பு நூலில் என் பெயரின் முதல் எழுத்து தைத்திருக்கும். கல்யாணத்துக்கு முதல் வாரம் டிசெக்‌ஷன் பெட்டியோடு அதையும் உனக்குக் கொடுத்தேன். ஃபெல்லோஷிப் பட்டியலில் என் பெயர் முதலில், உன் பெயர் இரண்டாவதாக. ஒரே ஒரு இடம். நான் வரவில்லை என்று எழுதிக் கொடுத்ததால் அது உனக்கு வந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பெண் பார்க்க வந்த அன்று அத்தை, “படிப்பு போதும்னு இருக்கியாம்ல, நல்லது ஆத்தா” என்றாக. யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. தலையசைத்தேன்.

நல்ல கை உனக்கு என்றாராம்.

இன்று காலை முட்டைகளை எடுத்தேன். பத்து நாள் தட்டைத் தொடவில்லை. பன்னிரண்டு நாள் முட்டைகள் ஆறை எடுத்து 10 என்று எழுதினேன். பதினாலு நாள் முட்டைகள் ஆறை எடுத்து 12 என்று எழுதினேன். எழுத்து வழக்கத்தைவிட அழகாகவே வந்தது.

ஒவ்வொரு வாரமும் செய்யப் போவதில்லை. எப்போதும் தவறாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவாய். ஒரு வாரம் சரி, ஒரு வாரம் தவறு. அப்போது பிலிமில் கோடு ஒரு முறை இருக்கும், ஒரு முறை இருக்காது. உன் கையைத்தான் நீ சந்தேகப்படுவாய்.

அதுதான் எனக்கு வேண்டும்.


வீரபாண்டி
21.10.1998

தேவயானிக்கு,

எல்லோரும் சுகம். படம் வந்தது. அத்தை சாமி படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டாக.

இந்த வாரம் பன்னிரண்டு முட்டை. வழக்கம் போல ஆறு, ஆறு. நாள் பென்சிலில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அபிதா


மதுரை
2.12.1998

மதினி,

இதைத் தபாலில் போடவில்லை. காலி டப்பாவில் உமிக்கு அடியில் வைக்கிறேன். தபாலில் வந்தால் அண்ணன் தீவனக் கடைவரை கொண்டுபோய் வாசிப்பான். இனி நீயும் வேண்டுமென்றால் இப்படியே எழுது. டப்பாவை நான் மட்டும்தான் திறக்கிறேன்.

நீ எப்படி இருக்கிறாய்? நாலு வரிக்கு மேல் எழுதுவதில்லை. சாப்பிடுகிறாயா? ஏதாவது விசேஷமா என்று அம்மா போனில் என்னிடம் கேட்கிறாள். உன்னிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறாள். எனக்கென்ன தெரியும் என்றேன்.

வேலை கொஞ்சம் குழப்பம். சில வாரம் ஒரு மாதிரி, சில வாரம் வேறு மாதிரி. இன்குபேட்டரில் சூடு சரியாக இருக்கிறதா? அடிக்கடி கரன்ட் போகிறதா? நாள் எழுதும்போது தட்டு மாறிவிட வாய்ப்பு இருக்கிறதா?

உன்மேல் குறை சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதலாம் என்பதைத்தான் சொல்ல வந்தேன். எதுவாக இருந்தாலும்.

தேவயானி


வீரபாண்டி
16.12.1998

தேவயானிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். விசேஷம் ஒன்றும் இல்லை.

கரன்ட் அடிக்கடி போகிறது. போன வாரம் ஆறு மணி நேரம். லாந்தரை உள்ளே வைத்துச் சமாளித்தேன். கரு மெதுவாக வளர்ந்திருக்கலாம். தட்டு மாற வாய்ப்பில்லை. தட்டை நான்தான் அடுக்குகிறேன்.

சேர்த்து எழுத வேறொன்றும் இல்லை.

“ஒம் நாத்தனா எளச்சுப் போச்சு ஆத்தா, டப்பாவ வாங்க வரும்போது பாத்தேன். நல்லாப் பொங்கிப் போட ஆளில்ல போல” என்று பேச்சிமுத்து சொன்னார். அத்தையிடம் சொல்லவில்லை. இந்த டப்பாவில் கொஞ்சம் எள்ளுருண்டை வைத்திருக்கிறேன். பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உருகியிருந்தால் மன்னிக்கவும்.

அபிதா


மதுரை
20.1.1999

அன்புள்ள மதினி, அண்ணன், அம்மா எல்லோருக்கும்,

பொங்கலுக்கு வர முடியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து வாசிக்கத்தான் இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

முடிவு கிடைத்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் இல்லை. பத்தாம் நாளே பாஸ்பேட் புரதத்தைவிட்டுப் போய்விடுகிறது. என்சைம் நாங்கள் நினைத்ததைவிட இரண்டு நாள் முன்னாலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது. செல் வெளியே பெருகிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் உள்ளே தீர்மானம் ஆகிவிட்டது. ஏழு முறை செய்து பார்த்துவிட்டேன். மேடம் எட்டாம் முறை தானே பக்கத்தில் நின்று பார்த்தார்.

பிப்ரவரி கடைசியில் பெங்களூரில் கருத்தரங்கு. பதினைந்து நிமிடம் பேசுகிறேன். அதைக் காட்டினால் மார்ச் கமிட்டியில் கேள்வியே இருக்காது என்கிறார் மேடம்.

அம்மா, சின்னமனூர்க்காரர்களிடம் இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்று சொல்லிவிடு. பொறுப்பாகளா என்று கேள். பொறுக்கமாட்டாக என்று நம்புகிறேன்.

மதினி, கடைசி ஸ்லைடில் நன்றி சொல்கிறேன். உன் பெயர் இப்படி வரும்: திருமதி அபிதா பாண்டியராஜன், வீரபாண்டி, முட்டைகள் தந்தமைக்கு.

தேவயானி


(இந்தக் கடிதமும் அனுப்பப்படவில்லை.)

27.1.1999

முட்டைகள் தந்தமைக்கு.

நான் என்ன கோழியா.

தேவயானி, இரண்டு நாள் முன்னால் என்று எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு நாள் என்னுடையது. நான் பென்சிலில் போட்டது. ஓட்டில் 10 என்று எழுதியிருந்த கருவுக்கு வயது பன்னிரண்டு. பாஸ்பேட் இல்லை என்று நீ கண்டது பன்னிரண்டாம் நாள் கருவில். எல்லோரும் எழுதி வைத்திருக்கிற பழைய விஷயத்தைத்தான் நீ கண்டிருக்கிறாய், என் பொய்த் தேதியோடு. ஒத்து வராத வாரங்களைக் கரன்ட் போனது என்று தள்ளியிருப்பாய். அந்தச் சாக்கையும் நான்தான் கொடுத்தேன்.

உன்னைக் குழப்பத்தான் நினைத்தேன். உன்னை மேடையில் ஏற்றிவிட்டேன்.

சொன்னால் உன் முடிவு போய்விடும். பெங்களூர் போய்விடும். மார்ச்சில் கமிட்டி உன்னை அனுப்பிவிடும். அக்டோபரில் நான் விரும்பியது அதைத்தான். சொல்லாவிட்டால் எங்கேயாவது யாராவது அதையே செய்து பார்த்து, இல்லை என்று எழுதுவார்கள். அப்போதும் போய்விடுவாய், இன்னும் அசிங்கமாக.

ஆக, உண்மையைச் சொல்வதும் உன்னைக் கெடுக்கிறது. அதனால்தான் சொல்லப் பயமாக இருக்கிறது. இவ்வளவு நாள் பொறாமையில் பொய் சொன்னேன். இப்போது பொறாமையில்தான் உண்மையைச் சொல்கிறேனோ என்று எனக்கே தெரியவில்லை. உன் முகம் வாடுவதை நினைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடம் சுகமாக இருந்தது. அதன் பிறகு கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

விசேஷம் என்று நினைத்து அத்தை ஓடி வந்தாக. இல்லை அத்தை, பித்தம் என்றேன்.


வீரபாண்டி
3.2.1999

தேவயானிக்கு,

இதை உமிக்கு அடியில் வைக்கிறேன். உன் உடல்நலம் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

அக்டோபர் 21 முதல், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், முட்டைகளின் நாளைத் தவறாக எழுதினேன். 10 என்று எழுதியது பன்னிரண்டு. 12 என்று எழுதியது பதினாலு. தட்டு மாறவில்லை. தெரிந்து செய்தேன். எந்தெந்த வாரம் என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மொத்தம் எட்டு.

ஏன் என்று நீ கேட்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

பெங்களூரில் பேசாதே. மேடத்திடம் என் பெயரைச் சொல்லிவிடு. உன் அண்ணனிடமும் அத்தையிடமும் சொல்வதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். நீ என்ன சொன்னாலும் மறுக்க மாட்டேன்.

இந்த வார முட்டைகளில் நாள் சரியாக இருக்கிறது. நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

அபிதா


மதுரை
24.2.1999

அபிதா,

மதினி என்று எழுதத் தோன்றவில்லை. நீ சுகமா? மூன்று வாரம் பதில் இல்லாமல் டப்பாவைக் காலியாகவே அனுப்பினேன். ஒவ்வொரு புதனும் நீ உமியைக் கிளறியிருப்பாய் என்று தெரியும். மன்னித்துக்கொள்.

நாளை பெங்களூருக்கு ரயில். பேசப் போகிறேன்.

கருவின் வயதை யாராவது ஓட்டில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்வார்களா? எம்.எஸ்ஸி. முதல் ஆண்டில் நான் ஒரு கருவைப் பார்த்து ஒன்பது நாள் என்றேன். நீ சிரித்தாய். “தேதிய நம்பாத, கால்விரல நம்பு” என்றாய். மூன்றாம் கால்விரலை டிவைடரால் அளந்து காட்டினாய். பத்தாம் நாள் ஐந்தரை மில்லிமீட்டர். பன்னிரண்டாம் நாள் எட்டரை. அன்றிலிருந்து நான் எந்தக் கருவையும் அளக்காமல் தொட்டதில்லை. உன் டிவைடரால்தான் அளக்கிறேன்.

அக்டோபர் 21 டப்பாவிலேயே தெரிந்துவிட்டது. 10 என்று எழுதியிருந்த ஆறுக்கும் விரல் எட்டரை. கரன்ட் போனால் கரு சின்னதாகத்தான் இருக்கும், பெரிதாக வளராது. அதை நீ மறந்திருந்தாய். எல்லாவற்றிலும் எனக்கு வலித்தது அதுதான். நீ மறந்திருந்தாய்.

நோட்டில் எல்லாவற்றையும் விரல் அளவுப்படிதான் எழுதினேன். பதினாலு நாள் கருவும் கிடைத்தது, ஒப்பிட வசதியாகவே இருந்தது. பத்தாம் நாள் முடிவு உண்மையான பத்தாம் நாள் கருவில், நீ சரியாக எழுதிய வாரங்களில் வந்தது. நீ கெடுக்க நினைத்த எதுவும் கெடவில்லை.

தெரிந்தும் ஏன் கேட்கவில்லை? டிசம்பரில் கேட்கப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். நான் கேட்டால் நீயும் ஒன்று கேட்பாய் என்று பயம்.

உன்னைப் பெண் கேட்க முடிவு செய்தபோது அம்மா என்னிடம் கேட்டாள். “அந்தப் பிள்ள மேக்கொண்டு படிக்கணும்னு எதும் சொல்லுதாடி?” அன்று காலையில்தான் துறைப் பலகையில் பட்டியலைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். உன் பெயர் மேலே. என் பெயர் கீழே. “இல்லம்மா, படிப்பு போதும்னு இருக்கா” என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். அதை நினைக்காமல் ஒரு நாளும் உன் கோட்டைப் போட்டதில்லை. கல்லூரியில் உன் கையைப் பார்த்து எனக்கு எரிந்திருக்கிறது. உனக்கு இப்போது எரிவது எனக்குப் புதிதில்லை.

யாரிடமும் எதையும் சொல்லவில்லை. நீ என்னைப் பற்றிச் சொல்வதாக இருந்தால் சொல்லலாம். அம்மாவிடம்கூட.

கடைசி ஸ்லைடை மாற்றிவிட்டேன். அபிதா, எம்.எஸ்ஸி., கருவின் வயதை அளக்கக் கற்றுத் தந்தமைக்கு.

டிவைடரைப் பஞ்சில் சுற்றி உமிக்கு அடியில் வைத்திருக்கிறேன். முனை கூர்மை, பார்த்து எடு. நான் வேறு வாங்கிக்கொண்டேன்.

தேவயானி


அபிதா இதற்குப் பதில் எழுதவில்லை. அடுத்த புதன்கிழமை காலை இன்குபேட்டரிலிருந்து பதின்மூன்று முட்டைகளை எடுத்தாள். பன்னிரண்டை உமியில் அடுக்கி, நடுவில் வெந்நீர் பாட்டிலை வைத்தாள். எந்த முட்டையிலும் எதுவும் எழுதவில்லை. டப்பாவைப் பேச்சிமுத்துவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, பதின்மூன்றாவது முட்டையைக் கிண்ணத்தில் உடைத்து, மூன்றாம் கால்விரலை டிவைடரால் அளந்தாள். ஐந்தரை மில்லிமீட்டர். பொரிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்து, கீழே தேதியைப் போட்டாள்.